சாசரில் ஆறும் டீ, உலையில் ஓடும் நீர்

ஹைதராபாத்தின் இரானி ஹோட்டல்களில் டீ பெரும்பாலும் கோப்பையும் சாசருமாகத்தான் வரும். சார்மினாருக்குப் பக்கத்து நிம்ராவானாலும், செகந்திராபாத் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஆல்ஃபாவானாலும், அங்கே பழகிய ஆட்கள் கொஞ்சம் டீயைச் சாசரில் சரித்து, ஒரு ஊது ஊதி, உறிஞ்சிக் குடிப்பார்கள். கூடவே உஸ்மானியா பிஸ்கட். நம் ஊர் டீக்கடையில் இதே வேலையை மாஸ்டர் நமக்காக முன்கூட்டியே செய்து தருகிறார். கையை உயர்த்தி நான்கு முறை ஆற்றினால், டீ குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும்.

சாசரில் ஊற்றுவதும், வாயால் ஊதுவதும், உயரத்திலிருந்து ஆற்றுவதும் ஒரே இயற்பியலின் மூன்று உபாயங்கள். அதன் பெயர் வெப்பச்சலனம்: ஓடுகிற திரவமோ வாயுவோ சூட்டைச் சுமந்துகொண்டு போவது. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு ஒரு படம் இருக்கும். பாத்திரத்தின் அடியில் சூடான நீர் மேலே ஏறும், மேலே குளிர்ந்தது கீழே இறங்கும். படம் சரிதான். ஆனால் வேலையின் கடினமான பகுதி அதில் தெரிவதில்லை. ஓட்டம் சூட்டைச் சுமப்பது எளிது. அதற்கு முன், சூடு அந்த ஓட்டத்தில் ஏறியாக வேண்டும். பரப்பை ஒட்டி ஏறக்குறைய அசையாமல் கிடக்கும் மெல்லிய படலம் ஒன்று நடுவே நிற்கிறது. அதைக் கடந்தால்தான் ஓட்டம் கைக்கு எட்டும்.

அந்தப் படலத்தைப் புரிந்துகொண்டால் டீ ஆறுவது முதல் அணு உலை குளிர்வது வரை, மே மாத வீட்டில் மின்விசிறி எப்போது உதவும், எப்போது உதவாது என்பது வரை எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துவிடலாம். பொறுமையாக, அடுப்படியிலிருந்து தொடங்குவோம்.

அடுப்பில் நடப்பது

இரானி டீக்கு இரண்டு பாத்திரம் வேண்டும். ஒன்றில் டிகாஷன். ஆவி வெளியேறாதபடி மூடி, தம் போட்டு, சிறுதீயில் நெடுநேரம் கொதிக்கும். இன்னொன்றில் பால், தனியாகச் சுண்டிக்கொண்டிருக்கும். கோப்பையில்தான் இரண்டும் சேரும்.

டிகாஷன் பாத்திரத்தின் அடியில் தீ. உலோகம் சூட்டை நன்றாகக் கடத்தும். செம்பு என்றால் நீரைவிட 600 மடங்குக்கும் மேல். ஆகவே பாத்திரத்தின் சுவர் ஒரு தடையே இல்லை. நீர்தான் தடை. நீர் அசையவே அசையாது என்று வைத்துக்கொண்டால், ஒரு அடி உயர நீரின் அடியிலிருந்து மேல்மட்டத்துக்குச் சூடு போய்ச் சேர நாட்கணக்கில் ஆகும். சில நிமிடங்களில் கொதிப்பதற்குக் காரணம் நீர் நகர்வதுதான். 30 டிகிரியில் இருக்கும் நீரைவிட 90 டிகிரியில் இருக்கும் நீர் சுமார் 3 சதவீதம் லேசு. இந்தச் சின்ன வித்தியாசமே சூடான நீரை மேலே தள்ளுகிறது. அதன் இடத்துக்குக் குளிர்ந்த நீர் இறங்குகிறது. வெளியிலிருந்து யாரும் தள்ளாமல், எடை வித்தியாசத்தால் மட்டும் நடக்கும் இந்த ஓட்டம் இயல்பு வெப்பச்சலனம்.

ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் தக்காணப் பீடபூமியில் இருக்கிறது. காற்றழுத்தம் சற்றுக் குறைவு. அதனால் அங்கே நீர் சுமார் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. கூடுதல் தீயெல்லாம் ஆவியாகப் போகும். சிறுதீயும் மூடியும் சேர்ந்து அந்த விரயத்தைத் தடுக்கின்றன. மணமும் உள்ளேயே நிற்கிறது.

அடியில் சூடு வைத்தவுடன் நீர் ஓடத் தொடங்கிவிடுமா? எப்போதும் அப்படி இல்லை. திரவத்தின் பாகுத்தன்மை ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும். சூடான நீர்த்துளி மேலே ஏறும் வழியிலேயே பக்கத்து நீருக்குச் சூட்டைப் பறிகொடுத்துவிடவும் கூடும். ஏற்றும் விசை இந்த இரண்டையும் வென்றால்தான் ஓட்டம் பிறக்கும். பிரான்சில் ஆன்றி பெனார் 1900இல் மெல்லிய திரவப் படலங்களை அடியில் சூடாக்கி இதைச் சோதித்தார். 1916இல் ரேலி பிரபு அதற்குக் கணக்கு எழுதினார். ஏற்றும் விசைக்கும் தடுக்கும் காரணங்களுக்குமான விகிதத்தை இன்று ரேலி எண் என்கிறோம். மேலும் கீழும் இரு திடமான தட்டுகளுக்கு நடுவே உள்ள திரவத்தில் அந்த எண் சுமார் 1708ஐத் தாண்டினால்தான் ஓட்டம் தொடங்கும்; அதற்குக் கீழே திரவம் அப்படியே நின்றபடி சூட்டைக் கடத்திக்கொண்டிருக்கும்.

இந்த எல்லைக்கோட்டை மிக விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களைப் பற்றிய ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றவர் என்றே அவரை நாம் அறிவோம். திரவ ஓட்டங்களின் நிலைத்தன்மையைப் பற்றி 1961இல் அவர் வெளியிட்ட பெரிய நூல், அடியில் சூடாகும் திரவம் எப்போது கலையும் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. சுழலும் திரவத்திலும், காந்தப்புலத்தில் உள்ள திரவத்திலும் அந்த எல்லை எப்படி இடம் மாறும் என்று அவர் கணக்கிட்டார். விண்மீனின் உள்ளிருந்து வெளியே சூடு வருவதற்கும் பாத்திரத்தில் நீர் புரள்வதற்கும் அடிப்படைச் சமன்பாடுகள் ஒன்றே.

இனி பால் பாத்திரத்துக்கு வருவோம். பால் சுண்டச் சுண்டக் கெட்டியாகிறது. கெட்டியானால் ஓட்டம் மந்தம். அடியில் சூடான பால் உடனே மேலே போகாமல் அங்கேயே தங்கி மேலும் சூடாகும். பாலின் புரதம் அடியில் ஒட்டும். ஒட்டிய அடுக்கு தானே ஒரு கூடுதல் தடையாக மாறி, அதற்கடியில் உலோகம் இன்னும் சூடேறும். கடைசியில் தீய்ந்த வாடை. ரசம் அடிப்பிடிப்பதில்லை, கூழும் பருப்பும் அடிப்பிடிக்கின்றன என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததே; காரணம் இதுதான். மாஸ்டர் கரண்டியால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளறுவது, இயல்பான ஓட்டம் செய்ய முடியாத வேலையைக் கையால் செய்வது. வெளிவிசையால் ஓட்டத்தை உண்டாக்கும் இந்த வகை விசையூட்டிய வெப்பச்சலனம். கரண்டி, மின்விசிறி, பம்பு எல்லாம் இதில் சேரும்.

பரப்பை ஒட்டிய படலம்

வீட்டில் சீலிங் ஃபேனின் இறக்கைகளைத் துடைத்தவர்களுக்குத் தெரியும்: நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் சுற்றும் இறக்கையிலும் தூசி படிந்தே இருக்கும். காற்று அதை ஏன் அடித்துப் போகவில்லை? இறக்கையின் பரப்பைத் தொடும் காற்று இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. தூசியைப் பொறுத்தவரை அங்கே காற்றே வீசவில்லை. இறக்கையிலிருந்து கொஞ்சம் விலக விலகத்தான் காற்றின் வேகம் மாறத் தொடங்கும்.

எந்தத் திடப்பரப்பாக இருந்தாலும், எவ்வளவு வேகமான ஓட்டமாக இருந்தாலும், பரப்பைத் தொடும் இடத்தில் திரவத்துக்கும் பரப்புக்கும் இடையே வேக வித்தியாசம் சுழி. 1904இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார். ஓட்டத்தை இரண்டாகப் பிரிக்கலாம் என்றார் அவர். பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலத்தில் மட்டும் பாகுத்தன்மையின் ஆட்சி. அதற்கு வெளியே ஓட்டம் ஏறக்குறையச் சுதந்திரமானது. விமான இறக்கையின் கணக்கு இதனால் கைகூடியது. வெப்பக் கணக்கும் இதனால்தான் தெளிந்தது.

சூட்டுக்கு இதன் பொருள் என்ன? பரப்பை ஒட்டிய அசையாத இடத்தில் சுமந்து செல்ல ஓட்டம் இல்லை. எனவே அங்கே கடத்தல்தான் ஒரே வழி. கடத்துவதிலோ காற்று மிக மோசம். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் மேலானது என்றாலும் உலோகத்தின் முன் ஒன்றுமில்லை. சில மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உள்ள இந்த இடம்தான் வெப்பச்சலனத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

இந்தப் படலத்தைக் கண்ணால் காண்பது அரிது. கணக்கில் காணலாம். ஆறும் பொருள் இழக்கும் சூட்டுக்கு நியூட்டன் 1701இல் ஒரு விதி சொன்னார்: வெப்பநிலை வேறுபாடு எவ்வளவோ, அந்த அளவுக்குச் சூடு வெளியேறும். அவர் சூடான இரும்பைச் சோதித்தது அசையாத காற்றில் அல்ல, சீராக வீசும் காற்றில். அது சரியான தேர்வு. ஓட்டம் மாறாதபோதுதான் அந்த விதி நன்றாகப் பொருந்துகிறது. தானாக எழும் ஓட்டத்தில் வெப்பநிலை வேறுபாடு கூடும்போது ஓட்டமும் வேகமெடுப்பதால் கணக்கு சற்று வளைகிறது.

இன்று பொறியாளர்கள் அதை இப்படி எழுதுகிறார்கள்: வெளியேறும் வெப்பம் என்பது பரப்பளவு, வெப்பநிலை வேறுபாடு, வெப்பப் பரிமாற்றக் கெழு ஆகிய மூன்றின் பெருக்கல். முதல் இரண்டும் எளிது. மூன்றாவது எந்தப் பொருளுக்கும் சொந்தமான எண் இல்லை. ஓட்டத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். தானாக எழும் காற்றுக்கு அந்தக் கெழு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 5 முதல் 25 வாட் வரை. விசிறியோ ஊதலோ வந்தால் அது பல மடங்கு கூடும். குழாயில் வேகமாக ஓடும் நீருக்கு ஆயிரங்களில் போகும்.

திரவத்தின் கடத்துதிறனை இந்தக் கெழுவால் வகுத்தால் படலத்தின் தோராயமான தடிமன் கிடைக்கும். அமைதியான காற்றில் கெழு 10 என்றால் படலம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். விசிறி போட்டுக் கெழு 50 ஆனால் அரை மில்லிமீட்டர். நீர்க்குழாயில் கெழு 5,000 என்றால் படலம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். குளிரவைப்பது என்றால் படலத்தைச் சன்னமாக்குவது என்பதுதான் இதன் சாரம்.

சாசரின் கணக்கு

ஒரு கோப்பையின் வாய் 7 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். டீயின் மேற்பரப்பு 38 சதுர சென்டிமீட்டர். 100 மில்லி டீ அதில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக நிற்கும். அதில் பாதியைச் சாசரில் சரித்தால் அது 12 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவும். பரப்பு 113 சதுர சென்டிமீட்டர், ஆழமோ அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு துளி டீக்கும் கிடைக்கும் பரப்பு சுமார் ஆறு மடங்கு. குளிர்ந்த பீங்கானும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். சாசரில் டீ சீக்கிரம் ஆறுவதற்கு இதுவே பாதிக் காரணம்.

மீதிக் காரணம் ஆவி. நீர் ஆவியாகும்போது பெரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 100 மில்லி டீயிலிருந்து ஒரே ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போனால், மீதி டீ ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கும். சூடான டீ ஆறுவதில் இந்த ஆவியின் பங்கு மிகப் பெரியது. ஆனால் டீக்கு மேலே ஈரம் நிறைந்த காற்று ஒரு படலமாக நின்றுவிடுகிறது. அது நகராதவரை புதிய ஆவிக்கு இடம் குறைவு. நாம் ஊதும்போது சூட்டுக்குத் தடையான படலமும் ஈரத்துக்குத் தடையான படலமும் ஒரே சமயத்தில் சன்னமாகின்றன. ஊதுகிற மூச்சு அப்படியொன்றும் குளிர்ந்தது இல்லை. உடம்பின் சூட்டுக்கு நெருங்கியதுதான். அது டீயைக் குளிரவைப்பது நகர்வதால்.

பால் டீயில் ஆடை படிந்தால் டீ நெடுநேரம் சூடாக இருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆடை ஆவியை அடைக்கிறது. ஆற்றும்போது நடப்பதோ அதற்கு நேர் எதிர். டீ நீண்ட ஒழுக்காகக் காற்றில் விழும்போது எல்லாப் பக்கமும் பரப்பு. கிளாசில் விழுந்ததும் முழுவதும் கலந்து, உள்ளே இருந்த சூடான டீ அடுத்த முறை வெளிப்பரப்புக்கு வரும். ஆடை படிய நேரமே இல்லை.

நூலாக ஓடும் நீரும் புரண்டோடும் நீரும்

படலத்தைச் சன்னமாக்க இன்னொரு வழி, ஓட்டத்தின் குணத்தையே மாற்றுவது. மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் ஒரு சாயக் கோட்டைச் செலுத்தினார். மெதுவான ஓட்டத்தில் சாயம் நேர்கோடாகக் கடைசிவரை போனது. வேகத்தைக் கூட்டியபோது ஒரு கட்டத்தில் கோடு நடுங்கி, சிதறி, குழாய் முழுக்கக் கலந்தது. முதலாவது வரிச்சீர் ஓட்டம். இரண்டாவது கொந்தளிப்பு ஓட்டம். வேகத்தையும் குழாயின் அகலத்தையும் பெருக்கி, பாகுத்தன்மை சார்ந்த ஒரு அளவால் வகுத்தால் வருவது ரெனால்ட்ஸ் எண். குழாய்களில் அது சுமார் 2,300ஐத் தாண்டும்போது ஓட்டம் மாறத் தொடங்கும். ஒன்றரை சென்டிமீட்டர் குழாயில் நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் அந்த எண் 15,000 அளவில் இருக்கும். நம் வீட்டுக் குழாய்களில் நீர் பெரும்பாலும் கொந்தளித்தே ஓடுகிறது.

வரிச்சீர் ஓட்டத்தில் நீர் அடுக்கடுக்காக வழுக்கிப் போகும். சுவரின் சூடு நடுவுக்குப் போக ஒவ்வொரு அடுக்கையும் கடத்தலாலேயே கடக்க வேண்டும். கொந்தளிப்பில் சுழல்கள் நடுவிலிருந்து குளிர்ந்த நீரைச் சுவருக்கு மிக அருகில் கொண்டுவந்து, சூடானதை எடுத்துப் போகும். அசையாத இடம் சுவரை ஒட்டிச் சுருங்கிவிடும். 1915இல் வில்ஹெல்ம் நுசெல்ட் இவற்றையெல்லாம் ஒரு எண்ணில் அடக்க வழி காட்டினார். நுசெல்ட் எண் 100 என்றால், அசையாத திரவம் கடத்துவதைப் போல 100 மடங்கு வெப்பத்தை ஓட்டம் எடுத்துச் செல்கிறது என்று பொருள்.

அப்படியானால் பம்பை வேகமாக ஓட்டிக்கொண்டே போகலாமே? அதற்கு விலை உண்டு. கொந்தளிப்பு ஓட்டத்தில் வேகத்தை இரட்டித்தால் வெப்பப் பரிமாற்றக் கெழு ஒன்றே முக்கால் மடங்குதான் ஆகும். பம்புக்குத் தேவைப்படும் சக்தியோ ஏறக்குறைய ஏழு மடங்கு. வெப்பப் பொறியியலில் வடிவமைப்பு என்பது பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே சரியான இடத்தைத் தேடுவதுதான்.

மௌலாலியிலிருந்து கல்பாக்கத்துக்கு

இந்தத் தேடல் மிகக் கடுமையாக நடக்கும் பொருள் ஒன்று ஹைதராபாத்திலேயே தயாராகிறது. நகரின் கிழக்கே மௌலாலி பக்கத்தில் 1971இல் நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகம் இந்தியாவின் கனநீர் உலைகளுக்கு எரிபொருள் கட்டுகள் செய்கிறது. 1980களில் செயல்படத் தொடங்கிய நம் கல்பாக்கத்துச் சென்னை அணுமின் நிலைய உலைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

220 மெகாவாட் உலைக்கான ஒரு கட்டில் 19 குச்சிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன். சிர்க்கோனியம் கலவை உலோக உறைக்குள் யுரேனியம் ஆக்சைடு வில்லைகள். ஒரு குழாயில் 12 கட்டுகள் வரிசையாக நிற்கும். இப்படி 306 குழாய்கள். உலை மொத்தமாக 750 மெகாவாட்டுக்கு மேல் வெப்பம் தரும். சராசரி பார்த்தால் ஒரு குச்சிக்குப் பத்து கிலோவாட்டுக்கு மேல். வாளியில் நீர் சுடவைக்கும் ஹீட்டர் ஐந்தாறின் சூடு, அரை மீட்டர்க் குச்சி ஒன்றிலிருந்து ஓயாமல் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சூட்டை எடுத்துப் போவது கனநீர். 250 டிகிரி அளவில் நுழைந்து, 290 டிகிரியைத் தாண்டி வெளியேறும். கொதித்துவிடாமல் இருக்க உயர்ந்த அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். குச்சிகளுக்கு நடுவே உள்ள குறுகிய சந்துகளில் அது பாய்ந்து ஓட வேண்டும். இரண்டு குச்சிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அந்த இடத்தில் நீர் ஓடாது. ஓடாத நீரில் படலம் தடிக்கும். உறை அங்கே அளவுக்கு மேல் சூடேறும். அதனால் ஒவ்வொரு குச்சியின் மேலும் சின்னச் சின்ன உலோகத் திண்டுகளைப் பற்றவைக்கிறார்கள். அவை இடைவெளியைக் காக்கின்றன. வழியில் நின்று நீரைக் கலக்கி, படலத்தைச் சன்னமாக வைக்கவும் உதவுகின்றன. ஒரு நாட்டின் மின்சாரத்தில் ஒரு பங்கு இந்தத் திண்டுகளின் பற்றவைப்பு எவ்வளவு நேர்த்தியானது என்பதைச் சார்ந்திருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் தொழிலாளர்களின் கைத்திறன்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கல்பாக்கத்திலேயே இதற்கு மாறான வழி ஒன்றும் இருக்கிறது. 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையில் நீருக்குப் பதில் உருகிய சோடியம் ஓடுகிறது. சோடியம் உலோகம், நீரைப்போல 100 மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். அங்கே சுவரை ஒட்டிய அசையாத படலம்கூட நல்ல கடத்தி. தடையாக இருந்த இடமே வழியாகிவிடுகிறது. சோடியம் 880 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் என்பதால் உயர் அழுத்தமும் தேவையில்லை. படலத்தைச் சன்னமாக்குவது ஒரு உபாயம். படலத்தின் பொருளையே மாற்றுவது இன்னொன்று.

மே மாதத்து வீடு

இதுவரை சொன்னதெல்லாம் சூடான பொருளை ஆற்றுவது. ஹைதராபாத்தின் மே மாதத்தில் திசை திரும்பிவிடுகிறது. நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று 42 டிகிரி ஆனால், சூடு காற்றிலிருந்து உடம்புக்குள் வரும். அப்போது மின்விசிறி என்ன செய்கிறது? தோலை ஒட்டிய காற்றுப்படலத்தைச் சன்னமாக்குகிறது. அதாவது வெளிச்சூடு உள்ளே வரும் வழியை அகலமாக்குகிறது.

தோராயமாகக் கணக்குப் போடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவரின் உடம்பு 100 வாட் அளவில் சூடு உண்டாக்கும். அமைதியான 42 டிகிரிக் காற்று அதற்கு மேல் ஒரு 50 வாட் சேர்க்கும் என்றால், விசிறிக்காற்று ஏறக்குறைய 140 வாட் சேர்க்கும். இந்த 240 வாட்டையும் வெளியேற்ற மணிக்குச் சுமார் 350 மில்லி வியர்வை ஆவியாக வேண்டும். வியர்க்கும் உடம்பில் விசிறி ஆவியாவதையும் வேகப்படுத்துவதால் இளைஞர் ஒருவர், நிறையத் தண்ணீர் குடித்தால், தாக்குப்பிடிப்பார். வியர்வை குறைந்த முதியவருக்கும் நோயாளிக்கும் அதே விசிறி பகையாகலாம். 40 டிகிரிக்கு மேல் மின்விசிறியை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்வது இதனால்தான். அந்த நேரத்தில் ஈரத்துணியால் தோலை நனைப்பது, உடம்பு தர முடியாத வியர்வையை வெளியிலிருந்து தருவது. நனைத்த தோலின் மேல் விசிறிக்காற்று பட்டால் கணக்கு மறுபடி நம் பக்கம் திரும்பும்.

ஹைதராபாத் வீடுகளில் ஏர்கூலர் பழக்கம் நிலைத்திருப்பதற்கும் இதே காரணம். 40 டிகிரி வெயிலில் அங்கே ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கும் நாட்கள் உண்டு. அந்தக் காற்றை ஈரமான பட்டையின் வழியே இழுத்தால், கொள்கையளவில் 23 டிகிரி அளவுக்குக் குளிரவைக்கலாம். நடைமுறையில் சில டிகிரி கூடுதலாக இருந்தாலும் அது பெரிய ஆறுதல். சென்னையில் 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் அதே கூலரின் எல்லை 29 டிகிரியிலேயே நின்றுவிடும். ஏற்கெனவே ஈரம் மிகுந்த காற்று மேலும் அதிக ஈரத்தை வாங்காது. அறை புழுங்கத் தொடங்கும். ஹைதராபாத் உறவினர் வீட்டில் கூலரைப் பார்த்துவிட்டுச் சென்னையில் வாங்கியவர்கள் ஏமாறுவதில் கூலரின் தவறு எதுவும் இல்லை.

கடைசியாக, கூரை. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் 900 வாட் அளவில் விழுகிறது. கறுத்த கூரை அதில் முக்கால் பங்கை விழுங்கினால் 675 வாட். அதன் மேல் வீசும் காற்றும் கதிர்வீச்சும் சேர்ந்து ஒரு டிகிரிக்கு 25 வாட் எடுத்துப் போகும் என்று கொண்டால், கூரை காற்றைவிட 27 டிகிரி அதிகமாகச் சூடாகும். காற்று 40 என்றால் கூரை 67. வெள்ளைப் பூச்சு கால் பங்கை மட்டும் விழுங்கினால் கூரை 49 டிகிரியோடு நின்றுவிடும். படலத்தையும் தொடவில்லை, காற்றையும் கூட்டவில்லை; ஏறும் சூட்டை வாசலிலேயே நிறுத்தியதால் 18 டிகிரி மிச்சம்.

கூரையில் நிறுத்துவது ஏன் இவ்வளவு முக்கியம்? சூடு மேலிருந்து வருகிறது. அடியில் சூடானால்தான் காற்று புரளும் என்று பெனாரும் ரேலியும் சந்திரசேகரும் காட்டினார்கள். கூரையின் அடிப்பரப்பை ஒட்டிய காற்று சூடானால் அது லேசாகி அங்கேயே மிதக்கும், புரளாது. அறை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி அடைபட்டுவிடும். கூரையின் அடிப்பரப்பு கதிர்வீச்சாலும் நம் தலைமேல் சூட்டைப் பொழியும். விசிறியைப் போட்டால் மேலே மிதந்த சூடான காற்று கீழே இறங்கும். ஒற்றை அறையில், தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அடியில் வாழும் குடும்பங்கள் ஒவ்வொரு மே மாதமும் இதற்குள்தான் தூங்க முயல்கின்றன.

தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2028க்குள் மாநிலத்தில் 300 சதுர கிலோமீட்டர் கூரையைக் குளிர்கூரையாக்குவது இலக்கு. அதில் 200 சதுர கிலோமீட்டர் ஹைதராபாத்தில். அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயம். 600 சதுர கஜத்துக்குக் குறைவான மனைகளில் உள்ள வீடுகளுக்கு அது விருப்பம் மட்டுமே. ஏழை வீட்டுக்காரர்மேல் கட்டாயத்தைச் சுமத்தாதது நியாயம்தான். ஆனால் வெள்ளைப் பூச்சின் பயன் மிகுதியாகத் தேவைப்படுவது அந்தச் சின்ன வீடுகளுக்கே. மெல்லிய தகரம் வெயிலைச் சில நிமிடங்களில் உள்ளே விட்டுவிடும். குளிர்சாதனம் வாங்க அங்கே பணமில்லை. கூலருக்குத் தண்ணீரும் அரிது. கட்டாயம் இல்லாத இடத்தில் அரசு பூச்சையும் கூலியையும் தன் செலவில் தந்தால்தான் இலக்கு அவர்களைத் தொடும். தமிழ்நாட்டின் நகரங்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். நம் ஈரக்காற்றில் கூலர் கைவிட்டுவிடுவதால் இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

சூடு பற்றிய எந்தக் கேள்வி வந்தாலும் நான்கைக் கேட்டுப் பாருங்கள். எது எதைவிடச் சூடாக இருக்கிறது? பரப்பு எவ்வளவு? நடுவே நிற்கும் படலம் எவ்வளவு தடிமன், எதனால் ஆனது? அங்கே ஏதாவது ஆவியாகிறதா? டீயை ஊதுவதா, சாசரில் ஊற்றுவதா என்பதற்கும், உலைக் குச்சியில் திண்டு எங்கே வைப்பது என்பதற்கும், வெயில் காலத்தில் படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு விசிறி போதுமா, ஈரத்துணி வேண்டுமா என்பதற்கும் இந்த நான்கின் விடைகளே போதும். கடைசிக் கேள்வியில் ஒரு உயிர் அடங்கியிருக்கிறது. அதனால்தான் இந்த இயற்பியல் பொறியியல் கல்லூரிக்குள் மட்டும் இருந்துவிடாமல், கோடை தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.